முதுமையின் மறதியும் மனக்கவலையும்

“வயதானால் மறதி வராமல் என்ன செய்யும்?” என்று சொல்லாத இல்லமில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு வீடெங்கும் தேடும் தாத்தாவைக் கண்டு பேரப்பிள்ளைகள் நகைப்பர். மருந்து விழுங்கினோமா இல்லையா என்று திகைக்கும் பாட்டியை வீட்டார் கடிந்துகொள்வர். மறதிக்கு முதுமை ஒன்றே காரணமா? நாள்தோறும் நெஞ்சை அரிக்கும் கவலைக்கும் அதில் பங்குண்டு என்கிறது மருத்துவ அறிவியல்.

துன்பம் எவ்வகையினதாயினும் உடல் அதனை ஒரே பாங்கில் எதிர்கொள்கிறது என்பதை 1936-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செலியே என்னும் மருத்துவ அறிஞர் எடுத்துக்காட்டினார். அச்சமோ கவலையோ எழும்போது, சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமைந்த சுரப்பிகளிலிருந்து கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் இரத்தத்தில் கலக்கிறது. பாம்பைக் கண்டவன் விரைந்து விலக இது துணைபுரியும். ஆபத்து நீங்கியதும் அது தணிந்துவிடவேண்டும்.

மூளையின் உட்பகுதியில் கடற்குதிரை வடிவில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி உள்ளது. புதிய செய்திகளை நினைவில் பதிப்பதும், கார்ட்டிசால் அளவு மீறாதபடி தடுக்க உதவுவதும் அதன் பணிகள். கவலை ஓயாதிருப்பின் அப்பகுதியே நலிவுறுகிறது. நினைவு தளர்கிறது; தடுக்கும் ஆற்றலும் குறைகிறது.

அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து ரஷ் மருத்துவ மையத்தார் 1990-களில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். கத்தோலிக்கக் கன்னியரும் குருக்களும் துறவறச் சகோதரரும், ஆண்டுதோறும் சோதனைக்கு உட்படவும், இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் மனமுவந்து இசைந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 800 பேரைப் பற்றிய முடிவு 2003-இல் வெளியாயிற்று. எளிதில் மனங்கலங்கும் இயல்பு மிகுந்தோருக்கு, அவ்வியல்பு குறைந்தோரைவிட அல்சைமர் என்னும் மறதிநோய் தோன்றும் வாய்ப்பு இரு மடங்காயிருந்தது. கவலைப்படுவோர் யாவருக்கும் இந்நோய் வரும் என்பது இதன் பொருளன்று. எனினும் உண்டி, உறைவிடம் பற்றிய ஏக்கமில்லாத மடத்தாரிடமே இத்தகைய தொடர்பு காணப்படுமாயின், நம் இல்லங்களைப் பற்றிச் சிந்திக்க வேண்டாமா?

மூத்த மகன் வீட்டில் ஒரு மாதம், இளையவன் வீட்டில் ஒரு மாதம் என்று முறைவைத்து அலைக்கழிக்கப்படும் தாய், அடுத்த மாதம் எங்கே என்று எண்ணி உறக்கமிழக்கிறாள். காது மந்தமான தந்தை, அடுத்த அறையில் தாழ்குரலில் பேசுவது தம்மைப் பற்றித்தானோ என மருகுகிறார். மறந்ததற்காகக் கடிந்துகொள்ளப்படுபவர் அஞ்சுகிறார். அஞ்சியவர் மேலும் மறக்கிறார். ஆக, மறதியைக் கண்டிக்கும் நம் சொல்லே மறதியை வளர்க்கிறது.

அன்பார்ந்த குடும்பத்தாரே, செய்யத்தக்கவை எளியவையே. கண்ணாடிக்கும் மருந்துக்கும் நிலையான இடம் குறியுங்கள். வீட்டு முடிவுகளை முதியோரிடம் முன்னரே தெரிவியுங்கள். அவர்களுடைய கருத்தையும் கேளுங்கள். நாளும் சிறிது நடை, நல்லுறக்கம், மாலையில் குடும்பத்தோடு செபமாலை ஆகியவை உள்ளத்தை அமைதிப்படுத்தும். மறதி மிகுந்தால் ‘வயது’ என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

முதியோருக்கும் ஒரு சொல்: மார்த்தாளைப்போல் பலவற்றையும் சுமந்து கலங்காதீர்கள். பிள்ளைகள் சுமக்கவேண்டியதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

இத்தனைக்குப் பின்னும் சிலருக்கு மறதி பெருகக்கூடும். பெற்ற மகனின் பெயரும் மறந்துபோகலாம். சீராக் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரம், முதிய தந்தையைப் பேணும் கடமையை உரைக்குமிடத்து, அவர் அறிவு தளர்ந்த காலத்தையும் குறிப்பிட்டுப் பொறுமையைக் கேட்கிறது. அவர்கள் நம்மை மறந்த நாளிலும் நாம் அவர்களை மறவாதிருப்போமாக.