எக்ஸ்எஃப்எஸ் பஃபர் கேஷ்: காணாமல் போன மெமரியும் கழிக்கப்பட்ட கோடும்

சில வருஷம் முன்னாடி நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் பத்து ஜிபிக்கு மேல் மெமரி காணாமல் போனது. 'ஃப்ரீ' கட்டளை போட்டால் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்கிறது. ஓடுகிற ப்ராசஸ்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு வரவில்லை. கேஷ் கணக்கிலும் இல்லை, ஸ்லாப் கணக்கிலும் இல்லை. அந்த வாரம்தான் எங்கள் டீமில் ஒரு பையன் எழுதிய சின்ன கர்னல் டிரைவரை அதில் ஏற்றியிருந்தோம். வேறென்ன, "உன் கோடுதான் லீக் பண்ணுது, தேடு" என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் அவன் வரி வரியாகத் தேடினான். நாலாவது நாள், கர்னலின் கேஷ்களைக் காலி செய்யச் சொல்லும் 'டிராப் கேஷஸ்' ஃபைலில் 2 என்று எழுதிப் பார்த்தேன். மெமரி மொத்தமும் திரும்பி வந்தது. லீக் ஆன மெமரி அப்படித் திரும்பி வராது. குற்றவாளி டிரைவர் இல்லை, எக்ஸ்எஃப்எஸ். ராத்திரி ஓடும் பேக்கப், லட்சக்கணக்கான சின்ன ஃபைல்களைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது.

ஃபைலுக்குள் இருக்கும் டேட்டாவைக் கர்னல் 'பேஜ் கேஷ்' என்ற பொது இடத்தில் வைக்கும். அந்த ஃபைல் டிஸ்கில் எங்கே இருக்கிறது, யாருடையது, எந்த டைரக்டரியில் இருக்கிறது, காலி இடம் எங்கே என்பதெல்லாம் மெட்டாடேட்டா. இஎக்ஸ்டி4 தன் மெட்டாடேட்டாவையும் பேஜ் கேஷ் வழியாகவே வைத்துக்கொள்கிறது. அதனால் 'பஃபர்ஸ்' என்ற வரியில் அது தெரியும். எக்ஸ்எஃப்எஸ் அப்படியில்லை. 1990களில் எஸ்ஜிஐ நிறுவனம் தன் ஐரிக்ஸ் சிஸ்டத்துக்காக எழுதியது அது. தனிக்குடித்தனம், தனக்கென்று ஒரு பஃபர் கேஷ்.

அதற்குக் காரணமும் உண்டு. அதன் மெட்டாடேட்டா ஒரே அளவில் வருவதில்லை. சில தலைப்புப் பகுதிகள் ஒரு செக்டார், 512 பைட். பி-ட்ரீ பிளாக் வழக்கமாக 4 கேபி. ஐநோடுகளைக் கொத்தாகப் படிக்கும், அது 16 கேபி வரும். டைரக்டரி பிளாக்கை 64 கேபி வரை வைத்துக்கொள்ளலாம். இதில் ஒவ்வொன்றையும் தனியாக லாக் செய்யவேண்டும். ஜர்னலில் எழுதி முடிக்கும்வரை டிஸ்குக்குப் போகாமல் பிடித்து வைக்கவும் வேண்டும். பேஜ் கணக்கில் யோசிக்கிற பொது கேஷுக்கு இது தோதுப்படாது.

லினக்ஸுக்கு வந்த பிறகும் 2011 வரை மெமரியை மட்டும் பேஜ் கேஷிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் டேவ் சின்னர் அந்த உறவை வெட்டிவிட்டார். அதிலிருந்து பேஜ்களை நேராக அலாகேட்டரிடமே வாங்குகிறது. அப்படி வாங்குகிற பேஜுக்கு 'மெம்இன்ஃபோ'வில் எந்த வரியும் கிடையாது. என் பத்து ஜிபி ஒளிந்திருந்த இடம் இதுதான்.

இனி சிக்கலுக்கு வருவோம். 16 கேபி பஃபர் வேண்டுமென்றால் பழைய கோடு நாலு தனித்தனி பேஜ்களை வாங்கும். கல்யாணத்துக்கு வந்த நாலு பேரை நாலு தெருவில் தங்கவைத்த மாதிரி. பிறகு அவர்களை ஒரே வரிசையில் காட்ட, விர்ச்சுவல் முகவரியில் ஒட்டி மேப் செய்யவேண்டும். 32 பிட் மெஷின்களில் அந்த முகவரி இடமே குறைச்சல். அதனால் ஐநோடு கொத்துகளை மேப் செய்யாமலே விட்டுவிட்டார்கள். விளைவு? ஒவ்வொரு தடவையும் 'இந்த ஐநோடு எந்தப் பேஜில் இருக்கிறது' என்று கணக்குப் போட்டுத் தேடவேண்டும். ஜர்னல் கோடும் மாட்டிக்கொண்டது. மாற்றங்களை 128 பைட் துண்டுகளாக அது குறித்துவைக்கும்; பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் இரண்டு வெவ்வேறு பேஜில் விழுந்தால் தனித்தனியாகப் பிரிக்கவேண்டும். மெமரி வாங்குகிற இடத்தில் செய்த ஒரு முடிவு, ஜர்னல் வரைக்கும் போய்க் கையைக் கடித்தது.

4 கேபிக்குக் குறைவான பஃபர்களில் இன்னொரு கூத்து. அவற்றை 'கேமலாக்' மூலம் வாங்குவார்கள். கிடைத்த துண்டு இரண்டு பேஜில் படர்ந்திருக்கிறதா என்று பார்த்து, படர்ந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு முழுப் பேஜ் வாங்குவார்கள். 2019ல் வந்த 5.4 கர்னலிலிருந்து, 512, 1024 மாதிரி இரண்டின் மடிப்பு அளவுகளுக்குச் சரியான எல்லையில்தான் இடம் தருவேன் என்று கேமலாக் உத்தரவாதம் கொடுக்க ஆரம்பித்தது. ஆனாலும் அந்தச் சோதனை சில வருஷம் சும்மாவே உட்கார்ந்திருந்தது. எங்கள் ஆஃபீஸ் கோடில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்!

2025ல் வந்த 6.15 கர்னலில் இதையெல்லாம் கழித்துக்கட்டினார்கள். சின்னர் முன்பே தொடங்கிய வேலையைக் கிறிஸ்டோஃப் ஹெல்விக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்போது மூன்றே வழி. ஒரு பேஜுக்குக் குறைவு என்றால் கேமலாக். அதற்கு மேல் என்றால் முதலில் தொடர்ச்சியான ஒரே பெரிய 'ஃபோலியோ' கேட்டுப் பார்க்கும். ரொம்ப அடம் பிடிக்காது, இல்லையென்றால் உடனே அடுத்த வழிக்குப் போய்விடும். அடுத்த வழி 'விமலாக்': பேஜ்கள் எங்கே கிடந்தாலும் முகவரியில் தொடர்ச்சியாகக் கோத்துக் கொடுக்கும். அளவு இரண்டின் மடிப்பாக இல்லாவிட்டாலும் இந்த வழிதான்.

மூன்றில் எதில் வந்தாலும் பஃபருக்கு ஒரே ஆரம்ப முகவரி, நடுவில் ஓட்டை இல்லை. மேப் செய்யாத பஃபர் என்ற வகையே போயிற்று. ஐநோடைக் கண்டுபிடிக்க முகவரியோடு ஒரு கூட்டல் போதும். ஜர்னலின் பிரிக்கிற கோடும் நீக்கப்பட்டது. வேகத்தைவிட, இந்தக் கோடைப் புதிதாகப் படிக்கிறவனுக்குக் கிடைத்த நிம்மதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எதை வெளியேற்றுவது என்ற கணக்கு இதில் மாறவில்லை. ஒவ்வொரு பஃபருக்கும் ஒரு எண் உண்டு. காலி இடக் கணக்கின் தலைப்புக்கு 4, எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் பிளாக்குக்கு 1 என்கிற மாதிரி. மெமரி நெருக்கடியில் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று குறையும், பூஜ்ஜியமானபின் வெளியே. அடிக்கடி தேவைப்படுவது கடைசிவரை நிற்கும்.

மெம்இன்ஃபோ குறை மட்டும் முழுசாகத் தீரவில்லை. சின்ன பஃபர்கள் ஸ்லாபிலும் விமலாக்கில் வந்தவை அதன் வரியிலும் தெரியும். ஃபோலியோவில் வந்தவைக்கு இன்னும் வரி இல்லை. உங்கள் சர்வரிலும் கணக்கு உதைத்தால் 'ஸ்லாப்டாப்' ஓட்டி 'எக்ஸ்எஃப்எஸ்_பஃப்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே தெரிகிற அளவு பஃபரின் விவரக்குறிப்புக்கு மட்டும்தான். அந்த எண்ணிக்கையை 4 கேபியாலும் 16 கேபியாலும் பெருக்கினால் உத்தேசமாக எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அன்றைக்கு நான் பார்த்தபோது பத்து லட்சத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பையனைக் கூப்பிட்டு ஸ்க்ரீனைக் காட்டினேன். "அண்ணா, இதை முதல் நாளே பாத்திருக்கலாமே" என்றான்.