ராஜா பாட்டு சோடை போனது எந்த ஆண்டில்? கம்பம் பள்ளத்தாக்கில் தீராத வழக்கு!

இது கோர்ட்டுக்குப் போகாத வழக்கு. வாதி உண்டு, பிரதிவாதி உண்டு, வக்கீல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. தீர்ப்பு மட்டும் இல்லை!

வழக்கு நடக்கும் இடம் தேனி மாவட்டம். டீக்கடை பெஞ்சில் நடக்கும். கம்பம் போகிற பஸ்சில் நடக்கும். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நடக்கும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது நடக்கும்.

வழக்கு என்ன?

"இளையராஜாவின் பாட்டு எந்த ஆண்டோடு சோடை போனது?" என்பதுதான்.

"1986!" என்பார் ஒருவர். "இல்லை, 1992!" என்பார் மற்றவர். "யாரைப் பார்த்து சோடை என்கிறாய்?" என்று மூன்றாமவர் வேட்டியை மடித்துக் கட்டுவார். அதற்குள் டீ ஆறிவிடும்!

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது பொழுதுபோக்கு. தேனிக்காரர்களுக்கோ இது வீட்டு விவகாரம். ஏன் என்று பார்ப்போம்.

ஒரே மண், மூன்று பேர்

மேற்கே மலை, கிழக்கே மலை, நடுவில் முல்லைப் பெரியாறு. இதுதான் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே உத்தமபாளையம் வட்டாரத்தில், கோம்பைக்கும் தேவாரத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். 1943இல் அங்கே பிறந்த ராசய்யாதான் பிறகு இளையராஜா ஆனார். அண்ணன் பாவலர் வரதராஜனோடு, ஆர்மோனியத்தைத் தூக்கிக் கொண்டு, ஊர் ஊராகப் பாடி வளர்ந்தவர். கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளே அவருக்கு முதல் பள்ளிக்கூடம்.

தேனி நகரத்தோடு ஒட்டியது அல்லிநகரம். டைரக்டர் பாரதிராஜா பிறந்த ஊர் அது. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ளது வடுகபட்டி. கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊர் அது.

கதை சொல்ல ஒருவர். இசை அமைக்க ஒருவர். பாட்டு எழுத ஒருவர். மூவரும் ஒரே மாவட்டம்! 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்தில் மூவரும் ஒன்று சேர்ந்தார்கள். 1985இல் வந்த 'முதல் மரியாதை' அந்தக் கூட்டணிக்கு மகுடம். வைரமுத்துவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம் அது.

ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளும் பரிசு வாங்கினால் தாய்க்கு எப்படி இருக்கும்? பள்ளத்தாக்குக்கு அப்படி இருந்தது. அந்தப் பிள்ளைகள் தனித் தனியாகப் போனபோது எப்படி இருந்திருக்கும் என்பதையும் நீங்களே நினைத்துப் பாருங்கள். வழக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1986 கட்சி

இனிக் கட்சிக்காரர்களைக் கூப்பிடுவோம்.

முதலில் வருவது 1986 கட்சி. அந்த ஆண்டில் வந்த 'புன்னகை மன்னன்' படத்தோடு இளையராஜா–வைரமுத்து கூட்டணி நின்று போனது. "சொல் போனது, அதோடு சுவையும் போனது" என்பது இவர்கள் வாதம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்க் கட்சி சும்மா இருக்குமா?

"1987இல் வந்த 'நாயகன்' என்ன ஆயிற்று? 1988இல் வந்த 'அக்னி நட்சத்திரம்' என்ன ஆயிற்று? 1989இல் 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியதே, அது என்ன ஆயிற்று?" என்று கேட்பார்கள். 'கரகாட்டக்கார'னை டைரக்ட் செய்தவரும் வெளியாள் அல்ல. இளையராஜாவின் தம்பி கங்கை அமரன்! பண்ணைப்புரத்துக்காரர்தான்.

1986 கட்சிக்காரர் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசமாட்டார். பிறகு, "என்ன இருந்தாலும்..." என்று ஆரம்பிப்பார்!

1992 கட்சி

அடுத்தது பெரிய கட்சி. ஆள் பலம் அதிகம்.

1992 ஆகஸ்டு 15ஆம் தேதி 'ரோஜா' வெளிவந்தது. இசை, ஏ.ஆர். ரகுமான். புது ஓசை, புது முறை. அதுவரை மணிரத்னம் எடுத்த 10 படங்களுக்கும் இளையராஜாதான் இசை. 'ரோஜா'வில் அது மாறியது. முதல் படத்துக்கே ரகுமான் தேசிய விருது பெற்றார்.

அடுத்த ஆண்டு இன்னொரு அடி. பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' வந்தது. கதை நம் சீமைக் கதை. டைரக்டர் நம் ஊர்க்காரர். பாட்டு நம் ஊர்க்காரர். இசை மட்டும் ரகுமான்! பாட்டுகள் பட்டி தொட்டியெல்லாம் ஒலித்தன. "அன்றோடு ஒரு காலம் முடிந்தது" என்பது இந்தக் கட்சியின் வாதம்.

எதிர்க் கட்சி விடுமா? "அதே 1992 தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்ததே! அதற்கு இசை யார்? அந்தப் படத்தில் பாடியதற்காக எஸ். ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்ததே!" என்பார்கள்.

ஆக, ஒரு காலம் முடிந்ததாகச் சொல்லும் ஆண்டிலேயே, அந்தக் காலத்தின் சிறந்த படங்களில் ஒன்று வந்திருக்கிறது!

பெரியவர்கள் குறித்த ஆண்டு

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மூலையில் ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். அவரைக் கேட்டால் சிரிப்பார்.

"1986ஆவது, 1992ஆவது! பாட்டு சோடை போனது 1976இல் அப்பா!" என்பார்.

1976 எது? 'அன்னக்கிளி' வந்த ஆண்டு. இளையராஜா அறிமுகமான ஆண்டு!

ஆம். தாத்தாவுக்குப் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்' பாட்டுகள்தான் பாட்டு. இரண்டும் 1961இல் வந்தவை. விசுவநாதன்–ராமமூர்த்தி இசை. 1965இல் அந்த இரட்டையர் பிரிந்தபோதே, "இனிப் பாட்டு ஏது?" என்று கவலைப்பட்டவர் அவர்.

வேடிக்கையைப் பாருங்கள். 1986இல் எம்.எஸ். விசுவநாதனும் இளையராஜாவும் சேர்ந்தே 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இசை அமைத்தார்கள். மேடையில் இருப்பவர்கள் கை கோர்த்துக் கொள்கிறார்கள். கேட்பவர்கள்தான் மல்லுக்கு நிற்கிறார்கள்!

அமெரிக்காவிலும் இதே கதை

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல.

அமெரிக்காவில் 'சிம்ப்சன்ஸ்' என்று ஒரு கார்ட்டூன் தொடர் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் சிரிப்புக் கதை. 1989 டிசம்பரில் டெலிவிஷனில் தொடங்கியது. 700 கதைகளைத் தாண்டி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. "அது எந்த ஆண்டில் கெட்டுப் போனது?" என்பது அங்கே பெரிய சண்டை.

பலர் கை காட்டுவது 1997ஆம் ஆண்டை. அந்த ஆண்டில் வந்த ஒரு கதையில், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் உண்மையான ஆள் அல்ல, வேறு ஒருவரின் பெயரில் வாழ்கிறவர் என்று காட்டிவிட்டார்கள். ரசிகர்களுக்கு வந்ததே கோபம்! "இத்தனை ஆண்டு பழகிய மனிதரை இப்படியா செய்வது?" என்றார்கள்.

அதே 1997இல், அதற்குச் சில மாதம் முன்பே, தொடரை எழுதுகிறவர்கள் தங்கள் ரசிகர்களையே கேலி செய்து ஒரு கதை போட்டிருந்தார்கள். "இதைவிட மட்டமானது வந்ததே இல்லை!" என்று எதற்கெடுத்தாலும் சொல்லும் ஒரு கடைக்காரர் அதில் வருவார். நம் டீக்கடையிலும் அவரைப் பார்க்கலாம். பெயர்தான் வேறு!

கணக்கு என்ன சொல்லுகிறது?

வாய்ச் சண்டை போதும். கணக்குப் பார்ப்போம்.

இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி', 1976. நூறாவது படம் 'மூடுபனி', 1980. ஐநூறாவது படம் 'அஞ்சலி', 1990. ஆயிரமாவது படம் 'தாரை தப்பட்டை', 2016.

இப்போது கூட்டிக் கழியுங்கள். 1980 முதல் 1990 வரை, 10 ஆண்டுகளில் 400 படம். ஆண்டுக்கு 40! மாதத்துக்கு மூன்று படத்துக்கு மேல்! படத்துக்கு 4 பாட்டு என்று வைத்தாலும் ஆண்டுக்கு 160 பாட்டு.

அதற்குப் பிறகு 500 படம் முடிய 25 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஆண்டுக்குச் சுமார் 20 படம். பாதியாகக் குறைந்துவிட்டது.

ஆகவே, "குறைந்தது" என்பது பொய் அல்ல. ஆனால் குறைந்தது எது? எண்ணிக்கை. எண்ணிக்கை வேறு, தரம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வழக்கு தீராமல் இருக்கிறது.

ஏலக்காய்ச் சல்லடை

இன்னொன்றும் இருக்கிறது. போடிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.

போடியில் ஏலக்காயைச் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள். பருங்காய் மேலே நிற்கும். பொடிக்காய் கீழே விழும். பருங்காயை மட்டும் பார்க்கிறவர், "அந்தத் தோட்டத்தில் காய் எல்லாமே பெரிது!" என்பார். செடியில் இருந்தபோது பொடியும் பருங்காயும் கலந்துதான் இருந்தன என்பது அவருக்குத் தெரியாது.

நம் ஞாபகமும் ஒரு சல்லடைதான். 1984ஆம் ஆண்டின் பாட்டுகளை 40 ஆண்டுகளாகச் சலித்துவிட்டோம். நின்றவை சில, விழுந்தவை பல. நின்ற சிலவற்றை மட்டும் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்தில் எல்லாமே முத்து!" என்கிறோம். இப்போது வரும் பாட்டையோ சலிக்காமல் கேட்கிறோம். சலித்ததையும் சலிக்காததையும் ஒரே தராசில் வைத்தால் எடை எப்படிச் சரியாக இருக்கும்?

சிறந்த இசை அமைப்புக்காக இளையராஜா 5 தேசிய விருதுகள் வாங்கியிருக்கிறார். 'சாகர சங்கமம்', 'சிந்து பைரவி', 'ருத்ரவீணா' மூன்றும் 1980களின் படங்கள். மற்ற இரண்டும்? ஒன்று 2009இல் வந்த மலையாளப் படம் 'பழசி ராஜா'. மற்றொன்று அந்த ஆயிரமாவது படம் 'தாரை தப்பட்டை'. இந்த இரண்டும் பின்னணி இசைக்குக் கிடைத்தவை. நாம் பாட்டை மட்டும் எண்ணிக் கொண்டிருந்தபோது, அவர் படம் முழுதும் ஓடும் இசையில் உழைத்துக் கொண்டிருந்தார்!

நட்டம் யாருக்கு?

ஓர் ஆண்டைக் குறிப்பதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். பேசி மகிழ்வதில் கெடுதல் இல்லை. ஆனால், "1992ஓடு சரி" என்று முடிவு கட்டியவர் அதற்குப் பிறகு காதைத் திறப்பதில்லை. கெடுதல் அங்கேதான்.

2000இல் 'பாரதி' வந்தது. அதில் பாடிய ராஜாவின் மகள் பவதாரிணிக்குத் தேசிய விருது. 2002இல் 'அழகி' வந்தது. அதில் பாடிய சாதனா சர்கத்துக்கும் தேசிய விருது. 2023இல் 'விடுதலை' வந்தது. 2025 மார்ச் 8ஆம் தேதி, 81 வயதில், லண்டன் மேடையில் தன் சிம்பொனி இசையை வாசிக்கச் செய்தார். காதை மூடியவருக்கு இவை எதுவும் இல்லை. நட்டம் ராஜாவுக்கா, அவருக்கா?

சில நேரம் பாட்டே காத்திருக்கும். 1991 தீபாவளிக்குத் 'தளபதி'யும் 'குணா'வும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் இசை இளையராஜா. வசூலில் 'தளபதி' முந்தியது. 33 ஆண்டு கழித்து, 2024இல், 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தில் 'குணா' பாட்டு ஒன்று ஒலித்தது. படம் வந்தபோது பிறக்காத பிள்ளைகள் தியேட்டரில் கூடவே பாடினார்கள்! அவர்களுக்கு அது பழைய பாட்டு அல்ல. நல்ல பாட்டு; அவ்வளவுதான்.

பஞ்சு அருணாசலம் செய்த காரியம்

கடைசியாக ஒன்று. 1976இல் இந்தப் பண்ணைப்புரத்து இளைஞரை அறிமுகம் செய்தவர் பஞ்சு அருணாசலம். அவர் யார் தெரியுமா? கவிஞர் கண்ணதாசனிடம் உதவியாளராக இருந்தவர். விசுவநாதன்–ராமமூர்த்தி பாட்டுகள் பிறந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். "பாட்டின் காலம் முடிந்தது" என்று சொல்ல யாருக்காவது உரிமை இருந்தது என்றால், அவருக்கு இருந்தது.

அவர் அப்படிச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் பாடிக் காட்டியதைக் காது கொடுத்துக் கேட்டார். 'அன்னக்கிளி' பிறந்தது.

அவரும் ஓர் ஆண்டைக் குறித்துவிட்டுக் காதை மூடியிருந்தால்? இன்றைக்கு நாம் சண்டை போட ராஜாவும் இல்லை, 1986உம் இல்லை, 1992உம் இல்லை!

ஆகவே, டீக்கடை வக்கீல்களே! வழக்கை நடத்துங்கள், யாரும் தடுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும். நீங்கள் எந்த ஆண்டைச் சொல்கிறீர்களோ, அந்த ஆண்டுக்குப் பிறகு வந்த படம் ஒன்றின் பாட்டுகளை இன்று இரவு முழுதாகக் கேளுங்கள். பக்கத்தில் உங்கள் மகனையோ பேத்தியையோ உட்கார வைத்துக் கொள்ளுங்கள். பிறகு அவர்கள் ரசிக்கும் பாட்டு ஒன்றை, முகம் சுளிக்காமல், நீங்களும் முழுதாகக் கேளுங்கள்.

கேட்டு முடித்துவிட்டு நாளைக்குக் காலையில் டீக்கடைக்கு வாருங்கள். வாதம் இன்னும் சூடாக இருக்கும். டீயும்தான்!