ஒரே நிலத்தில் இரு விளைவு



வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்து பார்த்தவர்கள் உங்களுள் சிலர் இருக்கக்கூடும். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே அகத்தி மரங்களின் நிழலில் கொடி தளிர்த்து நிற்கும். நிழல் பயிருக்குப் பகை என்பது பொதுவான பேச்சு. எந்தப் பயிருக்கு, எவ்வளவு நிழல் என்று கேட்ட பின்பே அவ்வாறு சொல்லலாம் என்பதைக் கொடிக்கால் உழவர் நன்கு அறிவர். ஒரே நிலத்தில் உணவையும் மின்சாரத்தையும் விளைவிக்கும் புதிய முறைக்கும் அந்தக் கேள்வியே அடிப்படையாகும்.

சூரிய மின்பலகைகளைத் தரையை ஒட்டிப் பரப்பிவிட்டால் அங்கே உழவு நின்றுபோகும். சோறும் வேண்டும், விளக்கும் வேண்டும், எதனை விடுவது? ஜெர்மானிய விஞ்ஞானி அடால்ஃப் கோட்ஸ்பெர்கர், ஆர்மின் சாஸ்ட்ரோ என்பாருடன் சேர்ந்து, 1982-இல் இதற்கு ஒரு வழி கூறினார். பலகைகளைத் தரையிலிருந்து 2 மீட்டர் உயர்த்தி, வரிசைகளுக்கு இடையே இடைவெளியையும் மிகுதியாக விட்டால், கீழுள்ள பயிருக்குப் போதிய ஒளி கிட்டும் என்பது அவர்கள் கருத்து.

ஒளி குறைந்தால் விளைச்சல் குறையாதா என நீங்கள் கேட்கலாம். இலை ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. ஒளி கூடக் கூட அவ்வேலை விரைவு பெறும். ஆயினும் ஓர் எல்லை வரைதான். பந்தியில் வயிறு நிறைந்தவன் இலையில் மேலும் மேலும் சோற்றை இட்டால் என்ன பயன்? அதுபோல, எல்லை கடந்த ஒளி பயிருக்கு உணவாவதில்லை. இலையைச் சூடாக்கி, நீரை ஆவியாக்குகிறது. அந்த மிகுதியின் ஒரு பகுதியை மேலே பலகை ஏற்று மின்சாரமாக்கலாம் அல்லவா? இந்த எல்லை எல்லாப் பயிர்க்கும் ஒன்றன்று. கரும்புக்கும் மக்காச்சோளத்திற்கும் அது மிக உயர்ந்தது, உருளைக்கிழங்குக்குத் தாழ்ந்தது.

தென்ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகேயுள்ள ஹெகல்பாக் பண்ணையில் 2016-இல் இதனைச் செய்து பார்த்தனர். ஒரு ஹெக்டேரில் மூன்றில் ஒரு பங்கு நிலம்; அறுவடை இயந்திரமும் கீழே செல்லும்படி 5 மீட்டர் உயரத்தில் பலகைகள்; 194 கிலோவாட் திறன். 2017-இல் கோதுமையும் உருளைக்கிழங்கும் 18 சதவீத அளவில் குறைந்தன. அடுத்த ஆண்டோ கடும் வெயிலும் வறட்சியும் வந்தன. அவ்வாண்டில் பலகையின் நிழலில் விளைந்த உருளைக்கிழங்கு, திறந்த வயலில் விளைந்ததைவிட 11 சதவீதமும், கோதுமை 3 சதவீதமும் மிகுந்தன. நிழல் மண்ணின் ஈரத்தைக் காத்தது. தீவனப்புல் மட்டும் 8 சதவீதம் குறைந்தது.

தூண்களின் ஓரமாக உழ இயலாத இடத்தைக் கழித்த பின்பும், 2018-இல் அந்நிலம் தந்த கிழங்கு 103 பங்கு. மின்சாரம் 83 பங்கு. ஒவ்வொன்றையும் தனித்தனி நிலத்தில் விளைவித்திருந்தால் கிடைப்பதை 100 எனக் கொண்ட கணக்கு இது. இரண்டையும் கூட்டினால் 186. அதாவது, ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டு ஹெக்டேரின் வேலையைச் செய்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மின்சாரம் நல்ல வருவாய் தருமாயின், கீழே பெயருக்கு நாலு செடி நட்டுவிட்டு உழவைக் கைவிடும் எண்ணமும் எழும். அப்போது ஊரின் உணவு குறையும். வயலில் வேலை செய்து பிழைப்போர் கதி என்ன ஆகும்? ஜப்பான் அரசு இதனை முன்னறிந்து, 2013-இல் இம்முறைக்கு அனுமதி வழங்கியபோதே, விளைச்சல் அவ்வட்டாரச் சராசரியினின்று 20 சதவீதத்திற்கு மேல் குறையலாகாது என விதித்தது. ஆண்டுதோறும் விளைச்சற் கணக்கையும் உழவர் காட்ட வேண்டும். பலகைக்குக் கீழே உண்மையில் பயிர் விளைகிறதா என்பதே இம்முறைக்கு உரிய உரைகல்.

மாணவர்களே, இதனை நீங்களும் சோதிக்கலாம். பள்ளித் தோட்டத்தில் வெந்தயக்கீரைக்கு இரண்டு பாத்தி கட்டுங்கள். ஒன்றின் மேல் ஓலைக்கீற்றுகளை இடைவெளி விட்டுப் பரப்புங்கள். இரண்டிற்கும் ஒரே அளவு நீர் ஊற்றி, அறுத்தெடுத்து நிறுத்துப் பாருங்கள். வரும் எடையைக் குறிப்பேட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நிழற்பாத்தி தோற்றாலும் அதனையும் எழுதுங்கள். விஞ்ஞானத்தின் முதற்பாடம் அதுவே.