மூங்கில் பூத்தலும் எலிப் பெருக்கமும்

புல் குடும்பத்தைச் சேர்ந்த தாவரங்களுள் மிகப் பெரியது மூங்கில். நெல், கோதுமை, சோளம் ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. நெற்பயிர் சில மாதங்களில் பூத்து, மணி முற்றி, மடிந்து விடுகிறது. மூங்கில் வகைகள் பலவும் இவ்வாறே வாழ்நாளில் ஒரு முறை பூத்து மடிகின்றன. ஆயினும் அந்த ஒரு முறைக்காக அவை பல பத்தாண்டுகள் காத்திருக்கின்றன.

வடகிழக்கு இந்தியாவில், மிசோரம் மாநிலத்தின் மலைச் சரிவுகளில் பெரும் பரப்பில் வளரும் மூங்கிலுக்கு 'மௌதாக்' என்று பெயர். இது ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. 1911-12, 1958-59, 2006-07 ஆகிய ஆண்டுகளில் இது பெருவாரியாகப் பூத்தது. அக்காலங்களில் எலிகள் கணக்கின்றிப் பெருகி, மலைச் சாகுபடி நெல்லை அழித்தன. உணவுப் பற்றாக்குறை தொடர்ந்தது. இந்நிகழ்ச்சியை மிசோ மக்கள் 'மௌதாம்' என்று அழைக்கின்றனர். மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்னும் நம்பிக்கை இந்தியாவின் வேறு பல பகுதிகளிலும் உண்டு. இந்நம்பிக்கைக்கு அடிப்படையாக உள்ள இயற்கை நியதி யாது என்பதை இங்குக் காண்போம்.

இருவகைப் பெருக்கம்

மூங்கில் இரண்டு வழிகளில் பெருகுகிறது. முதலாவது, பாலிலா முறை. நிலத்தடித் தண்டு பரவி, அதன் கணுக்களினின்று புதிய கழிகள் ஆண்டுதோறும் கிளம்புகின்றன. இவை யாவும் தாய்ச் செடியின் ஜீன்களையே மாற்றமின்றிப் பெற்றவை. இம்முறையில் செலவு குறைவு, வளர்ச்சி விரைவு. ஆனால் எல்லாக் கழிகளும் ஒரே தன்மையுடையனவாதலால், ஒன்றைத் தாக்கக்கூடிய நோய் அனைத்தையும் தாக்கக்கூடும்.

இரண்டாவது, பூத்து விதை தரும் பால்முறை. காற்றினால் மகரந்தம் பரவி, வெவ்வேறு செடிகளின் ஜீன்கள் ஒன்று கலப்பதால் பலதிறப்பட்ட நாற்றுகள் தோன்றுகின்றன. இவ்வேறுபாடுகளே இயற்கைத் தேர்வுக்கு மூலப்பொருள் ஆகும். செடிகள் அனைத்தும் ஒரே காலத்தில் பூப்பின், காற்றின்வழி நிகழும் இக்கலப்பும் எளிதாகிறது.

மௌதாக்கின் கனி புல் குடும்பத்துக் கனிகளுள் மிகப் பெரியது. பேரிக்காய் வடிவமும் சதைப்பற்றும் உடையது. சில வேளைகளில் அது தாய்ச் செடியில் இருக்கும்போதே முளைவிடுகிறது. நிலத்தடித் தண்டில் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த உணவு முழுவதையும் இக்கனிகளுக்கு அளித்துவிட்டு, மூங்கில் காய்ந்து மடிகிறது. தாளிப்பனையும் ஆனைக்கற்றாழையும் இவ்வாறு ஒரு முறை பூத்து மடிவனவே. நீலகிரியிலும் பழனி மலையிலும் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கும் நீலக்குறிஞ்சியும் இவ்வகையைச் சேர்ந்தது.

ஒருங்கே பூப்பதன் பயன்

மூங்கில் கனிகளுக்குப் பகைவர் பலர். எலி, முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி, பறவைகள், பூச்சிகள் ஆகியன அவற்றைத் தின்னுகின்றன. ஒரு காட்டில் நூறு மூங்கில்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 500 கனிகள் தருவதாகவும், அங்குள்ள விலங்குகள் ஒரு பருவத்தில் 10,000 கனிகளைத் தின்ன வல்லன என்றும் கணக்கிற்காக வைத்துக் கொள்வோம். ஒரு மூங்கில் மட்டும் தனித்துப் பூப்பின், அதன் 500 கனிகளில் ஒன்றும் மிஞ்சாது. நூறும் ஒருங்கே பூப்பின் 50,000 கனிகள் உண்டாகும்; விலங்குகள் வயிறாரத் தின்ற பின்னரும் 40,000 கனிகள் எஞ்சி முளைக்கும்.

ஆகவே, கூட்டத்தோடு பூக்கும் செடி சந்ததியை விட்டுச் செல்கிறது. காலம் தவறிப் பூக்கும் செடி சந்ததியின்றி அழிகிறது. இத்தேர்வு எண்ணற்ற தலைமுறைகளாக நடைபெற்றதன் பயனாகவே மூங்கில்கள் காலம் தவறாது பூக்கும் இயல்பைப் பெற்றன என்று அமெரிக்க உயிரியல் அறிஞர் டேனியல் ஜான்சன் 1976இல் விளக்கினார். இடைக்காலம் நீண்டிருப்பதும் இதற்குத் துணையாகிறது. எலியின் ஆயுள் ஓரிரு ஆண்டுகளே. ஒரு பூப்பிற்கும் அடுத்த பூப்பிற்கும் இடையே எலியின் தலைமுறைகள் பல கடந்து விடுவதால், அக்கனிகளை நம்பி எந்த எலிக் கூட்டமும் நிலைத்து வாழ இயலாது.

காலக் கணக்கு

மூங்கில் தன் வயதை எவ்வாறு கணக்கிடுகிறது என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. மழையோ வறட்சியோ மட்டும் இதற்குக் காரணமன்று. பல்வேறு சூழல்களில் வளரும் ஒரே தலைமுறை மூங்கில்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூக்கின்றன. எனவே காலக் கணக்கு ஜீன்களில் அடங்கிய பாரம்பரிய இயல்பு எனக் கருதப்படுகிறது. 1990இல் புனே நகரிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள், வளர்ச்சி ஊக்கிகளைக் கொண்டு ஆய்வுக்குழாயில் வளர்த்த மூங்கில் நாற்றுகளைச் சில மாதங்களிலேயே பூக்கச் செய்தனர். பூக்கும் திறன் இளஞ்செடியிலும் உறங்கிக் கிடக்கிறது என்பதும், ஏதோ ஒரு தடை அதனை நெடுங்காலம் அடக்கி வைக்கிறது என்பதும் இதனால் புலனாகின்றன.

இத்துணை நீண்ட இடைக்காலம் எவ்வாறு தோன்றியது? 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை கூற முயல்கிறது. 20 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் கூட்டத்தில், ஜீன் மாற்றத்தால் 23 ஆண்டுகளில் பூக்கும் செடி தோன்றினால், அது தனித்துப் பூத்து அழியும். 40 ஆண்டுகளில் பூக்கும் செடி தோன்றினால், அது பூக்கும்போதெல்லாம் கூட்டமும் உடன் பூக்கும். எனவே இடைக்காலம் சிறிது சிறிதாகக் கூடாமல், இரு மடங்கு, மும்மடங்கு எனப் பெருகியிருக்கக்கூடும். ஜப்பானில் 1960களின் பிற்பகுதியில் பூத்த 'மடாகே' மூங்கிலின் இடைக்காலம் சுமார் 120 ஆண்டுகள். இவ்வெண் 2, 3, 5 ஆகிய சிறிய எண்களின் பெருக்கமாக அமைந்திருப்பது இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

எலிகளின் பெருக்கம்

மூங்கிலின் வழி நெடுங்காலம் காத்திருத்தல். எலியின் வழி விரைந்து ஈனுதல். கறுப்பு எலியின் கருக்காலம் ஏறத்தாழ மூன்று வாரங்களே. பிறந்த குட்டிகள் மூன்று, நான்கு மாதங்களில் தாமும் ஈனத் தொடங்குகின்றன. உணவுக் குறைவே வழக்கமாக அவற்றின் தொகையைக் கட்டுப்படுத்துகிறது. மழைக்காலத்தில் மூங்கில் கனிகள் தரையில் குவியும்போது இக்கட்டுப்பாடு நீங்குகிறது. கனிகள் தீர்ந்தோ முளைத்தோ போன பின்னர், பெருகிய எலிகள் உணவு தேடி வயல்களுக்குச் செல்கின்றன. அவ்வேளையில்தான் 'ஜூம்' எனப்படும் மலைச் சாகுபடி நெல் கதிர் முற்றி நிற்கிறது. ஓர் இரவில் ஒரு வயல் முழுவதும் அழிந்ததுண்டு. மூங்கிலின் சந்ததியைக் காக்கும் அதே மிகுதி மனிதனுக்குப் பஞ்சமாக முடிவது இவ்வாறே.

முன்னறிவும் முன்னேற்பாடும்

மௌதாம் முன்கூட்டி அறியத்தக்கது. 1958இல் மிசோ மலைகள் அசாம் மாநிலத்தின் ஒரு மாவட்டமாக இருந்தன. முதியோரின் நினைவைக் கொண்டு பஞ்சம் வருவதை உணர்ந்த மாவட்டக் கவுன்சில், முன்னேற்பாடுகளுக்காக 15 லட்சம் ரூபாய் கோரியது. அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. பஞ்சம் வந்தது, உயிர்கள் மாண்டன. நிவாரணப் பணிக்காக 1960இல் தோன்றிய மிசோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961இல் மிசோ தேசிய முன்னணி என்னும் அரசியல் கட்சியாயிற்று. 1966இல் மூண்ட ஆயுதக் கிளர்ச்சி 1986ஆம் ஆண்டு உடன்படிக்கை வரை நீடித்தது. கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும் புறக்கணிக்கப்பட்ட அந்த எச்சரிக்கை அதன் தொடக்கங்களுள் ஒன்று.

2006-07இல் நிலைமை வேறு. பூக்கும் காலத்திற்கு முன்னரே தனித் திட்டம் வகுக்கப்பட்டது. எலிகள் விரும்பாத இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றைப் பயிரிடுமாறு உழவர் ஊக்குவிக்கப்பட்டனர். கொன்ற எலிகளின் வால்களுக்குப் பணம் வழங்கப்பட்டது. நெல் விளைச்சல் அப்போதும் பெரிதும் வீழ்ந்தது. மக்களின் துன்பமும் சிறிதன்று. ஆயினும் முந்தைய பஞ்சம் அதே அளவில் மீளவில்லை.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

மூங்கில் வளரும் பகுதிகளில் பணிபுரிவோர், தனித்தனியே ஆங்காங்கு தோன்றும் முதற் பூக்களின் இடத்தையும் தேதியையும் குறித்து வைத்தல் வேண்டும். பெரும் பூப்பிற்கு இவை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள் முந்தி வருகின்றன. மௌதாக் கனிகள் சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழப்பதால், நாற்றுக்கு வேண்டியவற்றை உடனே சேகரித்து விதைத்தல் வேண்டும். காய்ந்த மூங்கில் எளிதில் தீப்பற்றும்; புதிய நாற்றுகள் அழியாதிருக்கத் தீத்தடுப்புப் பட்டைகள் இன்றியமையாதவை. தானியத்தை எலி புகாத களஞ்சியங்களில் வைத்தலும், கனி உதிருமுன்னரே எலி ஒழிப்பைத் தொடங்குதலும் பயன் தரும். எலிகள் பெருகிய பின்னர் தொடங்கும் முயற்சி அவற்றின் ஈனும் வேகத்திற்கு ஈடு கொடாது.

மிசோரத்தில் அடுத்த மௌதாம் 2054-55ஐ ஒட்டி எதிர்பார்க்கப்படுகிறது. இன்று பள்ளியில் பயிலும் சிறுவர் அன்று நடுவயதினராய், குடும்பத்தையும் ஊரையும் நடத்துவோராய் இருப்பர். 2006-07ஐ நேரில் கண்ட முதியோர் அப்போது சிலரே எஞ்சியிருப்பர். ஆதலின், தத்தம் பகுதியில் மூங்கில் பூத்த ஆண்டுகளை ஊர் முதியோரிடம் மாணவரைக் கொண்டு கேட்டறிந்து, பள்ளிப் பதிவேட்டில் எழுதி வைத்தல் ஆசிரியர்கள் இன்றே செய்யத்தக்க பணியாகும்.