ஒரு வால்வும் இரண்டு படிப்புகளும்

1990-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையத்தில், நோயாளி ஒருவரின் இதயத்தில் செயற்கை வால்வு ஒன்று பொருத்தப்பட்டது. அது நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டு, நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. அதற்கு முன்னர் இத்தகைய வால்வுகள் வெளிநாடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தன. ருமாட்டிக் காய்ச்சலால் இளவயதிலேயே வால்வு பழுதடைந்த ஏழைகளுக்கு அவற்றின் விலை எட்டாக்கனியாக இருந்தது.

அந்த வால்வு எளிதில் கைகூடவில்லை. அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான், பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வர் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தனர். முதல் மூன்று மாதிரிகளும் கைவிடப்பட்டன. ஒன்றில் உலோகத் தாங்கி முறிந்தது. ஒன்றில் டைட்டானியம் தேய்ந்தது. மற்றொன்றில் செயற்கை நீலக்கல்லால் ஆன தட்டு உடைந்தது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கொண்டாலே, ஓர் ஆண்டில் அந்தத் தட்டு ஏறக்குறைய 3 கோடியே 80 லட்சம் முறை திறந்து மூட வேண்டும். அதனோடு, தன்னைத் தொட்டுச் செல்லும் இரத்தம் உறைந்துவிடவும் அது காரணமாகக் கூடாது. நான்காவது மாதிரியில், கோபால்ட் கலந்த உலோகச் சட்டத்துக்குள் ஒருவகைப் பாலிஎத்திலீன் தட்டைப் பொருத்தினார்கள். மிகக் கடினமான பொருள் கைவிட்ட இடத்தில் பிளாஸ்டிக் நின்று காட்டியது. பின்னர் டி.டி.கே. குழுமத்தின் வழியே விற்பனைக்கு வந்த அவ்வால்வு, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் இதயத்தில் பொருத்தப்பட்டுள்ளது.

மருத்துவமனை நகரின் ஒரு பக்கம். வால்வை உருவாக்கிய தொழில்நுட்பப் பிரிவோ பூஜப்புரையில், பழைய சாட்டல்மண்ட் அரண்மனையில். மருத்துவரின் சொல் பொறியாளருக்கும், பொறியாளரின் சொல் மருத்துவருக்கும் விளங்க வேண்டியிருந்தது. அன்று இரு துறையினர் கூடிப் பெற்ற அந்த அறிவை, இன்று பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவர் ஒருவரே ஒரு பட்டப்படிப்பில் பெற முயலலாம். பொறியியலையும் உயிர்மருத்துவ அறிவியலையும் இணைத்துக் கற்பிக்கும் படிப்புகளைப் பற்றித்தான் சொல்கிறோம்.

இரண்டையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும்? ஆய்வகத்தில் மாணவர்கள் முதலில் செய்து பார்க்கும் கருவிகளுள் ஒன்றான இ.சி.ஜி.யை எடுத்துக்கொள்வோம். தோலின் மேல் கிடைக்கும் இதயத்தின் மின்குறி ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் மட்டுமே. அறையில் ஓடும் 230 வோல்ட் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதை எளிதில் மூழ்கடித்துவிடும். நோயாளி மூச்சு விடும்போதும் அசையும்போதும் கோடு மேலும் கீழும் அலையும். பொறியியல் மட்டும் கற்றவர், தாழ்ந்த அதிர்வெண்களை வடிகட்டி அந்த அலைச்சலை நீக்கிவிடுவார். கோடு அழகாக நேராகிவிடும். ஆனால் மாரடைப்பின் அறிகுறியை மருத்துவர் தேடும் எஸ்.டி. பகுதியும் அதே தாழ்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் அப்பகுதி உருமாறி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டக்கூடும். அதனால்தான் நோயறியும் கருவிகளில் அந்த எல்லையை 0.05 ஹெர்ட்ஸ் வரை தாழ்த்தி வைக்கின்றனர். கோடு சற்று அலைந்தாலும் குற்றமில்லை என்று முடிவு செய்வதற்கு இதயத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் இத்துறைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. டெல்லி ஐ.ஐ.டி.யும் எய்ம்ஸும் இணைந்து 1971-இல் உயிர்மருத்துவப் பொறியியல் மையத்தைத் தொடங்கின. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர்களுக்குத் தொழில்நுட்பம் கற்பிக்கும் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் நிலையம் ஆகிய மூன்றும் சேர்ந்து மருத்துவமனைப் பொறியியலில் எம்.டெக். நடத்துகின்றன. இளநிலையில், சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் தொடங்கிய மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் நான்காண்டு பி.எஸ். படிப்பு பெயரிலேயே இரண்டையும் தாங்கி நிற்கிறது. அதற்குச் சேர்க்கை, ஐ.ஐ.எஸ்.இ.ஆர். நிறுவனங்கள் நடத்தும் ஐ.ஏ.டி. தேர்வின் வழியே நடைபெறுகிறது. கிண்டி பொறியியல் கல்லூரி உட்படப் பல கல்லூரிகளில் உயிர்மருத்துவப் பொறியியல் பி.இ. உள்ளது. ஆஸ்திரேலியா செல்ல எண்ணுவோர், நான்காண்டுப் பொறியியலையும் மூன்றாண்டு அறிவியலையும் ஏழாண்டுக்குப் பதிலாக ஐந்தாண்டு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முடிக்கும் இரட்டைப் பட்டங்களைக் காணலாம்.

இனி, பெற்றோர் பலர் கேட்கத் தயங்கும் ஒரு செய்தி. இப்படிப்பை முடித்தவர் மருத்துவர் அல்லர். அவர் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. மருத்துவராகப் பதிவு பெறவும் முடியாது. நீட் தேர்வில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு இதை ஆறுதல் பரிசாக வாங்கிக் கொடுப்பது, பிள்ளைக்கும் நல்லதன்று, படிப்புக்கும் நல்லதன்று. கணக்கில் உண்மையான விருப்பமின்றி, உயிரியல் பிடிக்கும் என்பதற்காக மட்டும் சேரும் மாணவர், முதலாண்டிலேயே மின்சுற்றுகளிலும் வகையீட்டுச் சமன்பாடுகளிலும் திணறிப்போவார்.

வேலைவாய்ப்பும் ஒரே சீரானதன்று. பெரிய மருத்துவமனைகளில் கருவிகளைத் தேர்ந்து வாங்கி, சோதித்து, பழுது பார்த்துப் பேணும் பணி உண்டு. கருவி நிறுவனங்களில் விற்பனை, சேவை, தரக்கட்டுப்பாடு, உரிம விண்ணப்பம் முதலிய பணிகள் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துகளைப் போன்றே சட்டத்தின் கண்காணிப்புக்குள் வந்துவிட்டமையால், இக்கடைசிப் பணி வளர்ந்துவருகிறது. ஆனால் பலரும் கனவு காணும் புதிய கருவி வடிவமைப்புக்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் தேவைப்படும். 2020 முதல் கேட் தேர்வில் உயிர்மருத்துவப் பொறியியலுக்குத் தனித்தாள் இருக்கிறது. அதில் தேறி எம்.டெக். சேர்வோர்க்கு மாதம் ரூ. 12,400 உதவித்தொகை கிடைக்கிறது. எனவே இதை நான்காண்டுப் படிப்பாக எண்ணாமல் ஆறாண்டுப் படிப்பாக எண்ணிக் குடும்பம் திட்டமிடுவதே நலம்.

கடன் வாங்குவோர்க்கு அந்தக் கூடுதல் ஆண்டுகள் எவ்வளவு பொருட்டு என்பதைச் சிறு கணக்கால் பார்க்கலாம். ஆண்டுதோறும் தொடக்கத்தில் ரூ. 2 லட்சம் கடனாகப் பெறுவதாகவும், வட்டி 9 சதவீதம் தனிவட்டி எனவும், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். நான்காண்டுப் படிப்புக்குப் பெற்ற ரூ. 8 லட்சத்துக்கு, தவணை தொடங்கும் நாளில் ரூ. 2,52,000 வட்டி சேர்ந்திருக்கும். ஐந்தாண்டுப் படிப்பானால் அசல் ரூ. 10 லட்சம், வட்டி ரூ. 3,60,000. ஓராண்டு கூடியதால் ஏறுவது ரூ. 2 லட்சமன்று, ரூ. 3,08,000. படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதந்தோறும் கட்டிவர இயலும் குடும்பத்துக்கு இச்சுமை வெகுவாகக் குறையும். முதுநிலையைத் தொடர்ந்தால் தவணையை ஒத்திவைக்க முடியுமா என்பதைக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கிளையில் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் இடம்பெற்ற உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோர் பிணையமோ ஜாமீன்தாரரோ இன்றிக் கடன் பெறலாம். ரூ. 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு 75 சதவீத அரசு உத்தரவாதம் உண்டு. ஆண்டு வருமானம் ரூ. 8 லட்சம் வரை உள்ள குடும்பத்து மாணவர்கள், வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவராயின், ரூ. 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் கோரலாம். நீங்கள் தேர்ந்த கல்லூரி அப்பட்டியலில் உள்ளதா என்பதைச் சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்னரே பார்த்துவிடுங்கள்.

கல்லூரியை நேரில் காணச் செல்லும்போது கட்டடத்தையும் கணினி அறையையும் காட்டுவார்கள். அவற்றைப் பார்த்துவிட்டு, மாணவர்கள் செல்லும் மருத்துவமனை எது, நான்காண்டுகளில் எத்தனை வாரங்கள் அங்கே இருப்பார்கள், அங்குள்ள மருத்துவர்களுள் யாரேனும் வகுப்பெடுக்கிறார்களா என்று கேளுங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் தனியே பேச முடிந்தால், அவர் கடைசியாக அறுவை அரங்கையோ தீவிர சிகிச்சைப் பிரிவையோ எப்போது பார்த்தார் என்றும் கேட்டுவிடுங்கள்.