'மற்றவை 1 சதவீதம்': சடையங்குப்பத்துக் காற்றின் கணக்கு

இந்த எபிசோட் ஒரு ஏழாங்கிளாஸ் கேள்வியில் ஆரம்பிக்குது.

சடையங்குப்பத்தில் அக்கா வீடு. போன மாசம் போயிருந்தப்போ அக்கா பொண்ணு சயின்ஸ் புக்கோட வந்தா. "மாமா, காத்துல நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21, மற்றவை 1 சதவீதம்னு போட்டிருக்கு. ராத்திரி நம்ம வீட்டுக்குள்ள வர்ற வாடை இதுல எத்தனை சதவீதம்?"

எஞ்சினியரிங் படிச்ச எனக்கு டக்குன்னு பதில் வரலை.

அந்த 'மற்றவை'யில் 0.93 ஆர்கான், 0.04 கார்பன் டை ஆக்சைடு. அதோட கணக்கு கிட்டத்தட்ட முடிஞ்சிடுது. வாடைக்கு இடமே இல்லை!

சரி, சதவீதத்தை விடுவோம், எடையில் பார்ப்போம். காற்றுக்கு எடை உண்டு. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. பத்துக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம்னா உள்ளே இருக்கிற காற்று 34 கிலோ வரும். 25 கிலோ அரிசி மூட்டையைவிட அதிகம். (இதை அவ நம்பவே இல்லை. சேர்ந்து உட்கார்ந்து பெருக்கிக் காட்டினேன்.)

இப்போ 2023 டிசம்பர் 26 ராத்திரிக்கு வாங்க. எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. நள்ளிரவு நெருங்குற நேரம். கண் எரிச்சல், மூச்சுத்திணறல்னு ஜனங்க வீட்டைவிட்டு ஓடினாங்க. 50 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில் சேர்ந்தாங்க. கசிவுக்கு அப்புறம் ஆலை வாசலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது: ஒரு கன மீட்டரில் 2,090 மைக்ரோகிராம். 24 மணி நேர சராசரிக்கான வரம்பு 400.

அந்த 2,090-ஐ நம்ம பத்தடி அறையில் போட்டுப் பாருங்க. 34 கிலோ காற்றில் 0.06 கிராம் அம்மோனியா. ஒரு மூட்டைக்கு மேல அரிசி, அதில் நாலைஞ்சு அரிசி மட்டும் வேற. சதவீதமா எழுதினா 0.00017. புக்கில் 'மற்றவை'ன்னுகூட போடமாட்டாங்க.

இதில் ஒரு வேடிக்கை. அம்மோனியா அந்த 78 சதவீத நைட்ரஜனிலிருந்துதான் தயாராகுது, கூட ஹைட்ரஜன் சேர்த்து. நைட்ரஜனை நாள் முழுக்க சுவாசிக்கிறோம், ஒண்ணும் ஆகலை. அம்மோனியா தண்ணீரில் சட்டுன்னு கரையும், கரைஞ்சா காரமாகும். நம்ம கண், மூக்கு, தொண்டை எல்லாமே ஈரம்தானே? அங்கேயே கரைஞ்சு எரிக்கும். கசிவு நேரத்தில் ஈரத்துணியை மூக்கில் கட்டச் சொல்றதும் அதனாலதான்: துணியிலேயே கொஞ்சம் கரைஞ்சிடட்டும்னு.

"ஏன் ராத்திரி மட்டும்?" அடுத்த கேள்வி. பகலில் வெயிலில் தரை சூடாகி, அதை ஒட்டின காற்றும் சூடாகி மேலே ஏறும். புகையும் கூடவே ஏறிக் கலைஞ்சிடும். மார்கழி மாதிரி தெளிவான, காற்றில்லாத ராத்திரியில் தலைகீழ். தரை சீக்கிரம் குளிர்ந்திடும், கீழே குளிர்ந்த காற்று, அதுக்கு மேல வெதுவெதுப்பான காற்று. குளிர்ந்தது கனம், ஏறாது. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. சாயங்காலம் வந்த அதே அளவு புகை, இப்போ கலைய இடமில்லாம வீட்டு உயரத்திலேயே நிக்கும். போகி அன்னிக்கு விடிகாலையில் சென்னை ஏர்போர்ட்டில் விமானங்கள் தாமதமாகிறதுக்கும் இந்த மூடி ஒரு காரணம்.

எல்லாம் கேட்டுட்டு அவ நோட்டில் 'மற்றவை'க்குப் பக்கத்தில் பென்சிலால் 0.00017 எழுதிக்கிட்டா. "அப்போ ஜன்னலை எப்போ மாமா திறக்கிறது?"

வெயில் நல்லா ஏறட்டும்மா, எட்டு ஒன்பது மணிக்கு மேலன்னேன். ஸ்கூல் வேன் ஏழே காலுக்கே வந்துடுமாம்.