ஒல்லியான உடம்பில் ஒளிந்திருக்கும் கொழுப்பு

சுங்கை பட்டாணியிலோ பீடோங்கிலோ ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழையுங்கள். "பசியாறியாச்சா?" என்று அன்போடு கேட்கும் அதே வாய், அடுத்த மூச்சில் "என்னம்மா, இப்படிச் சதை போட்டுட்டே!" என்றும் கேட்கும். அந்தப் பெண் அன்று பாயசத்தைத் தொடமாட்டார். பக்கத்தில் நிற்கும் ஒல்லியான சித்தப்பாவுக்கு மட்டும் பாராட்டு: "உங்களுக்கென்ன, அன்னைக்குப் பார்த்த மாதிரியே இருக்கீங்க. எது வேணும்னாலும் சாப்பிடலாம்." சித்தப்பாவும் இரண்டாவது லட்டை எடுத்துக்கொள்வார்.

இந்த இரண்டு பேரில் யாருக்கு இனிப்புநீர் வரும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியுமா? நம் இனத்தைப் பொறுத்தவரை, முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒருவர். அவர்கள் எல்லாருமே குண்டானவர்கள் அல்லர்.

2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. அருகருகே இரண்டு மருத்துவர்கள். ஒருவர் புனே நகரின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. எந்த அட்டவணையில் பார்த்தாலும் சரியான எடை. ஆனால் கதிர்க் கருவியில் படுக்கவைத்து உடல் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எடைத் தராசு இருவரையும் ஒன்று என்றது; உள்ளே இருந்ததோ இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. (ஒருவர் மாரத்தான் ஓடுபவர், மற்றவர் மருத்துவமனை மின்தூக்கியின் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பவர் என்று அவர்களே வேடிக்கையாக எழுதியிருந்தார்கள். ஆகவே எல்லாவற்றையும் இனத்தின் தலையில் போட்டுவிடவும் முடியாது.)

அந்தக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு ஒரு சாமான் அறை மாதிரி. மிச்சமான சக்தியை அது அடக்கமாக வாங்கி வைத்துக்கொள்ளும். பெரிய தொல்லை தராது. அந்த அறை சிறியதாக இருந்தால் சாமான் கூடத்துக்கும் சமையலறைக்கும் வழியத் தொடங்கும். உடம்பில் அந்தக் கூடமும் சமையலறையும் எவை என்றால், குடலைச் சுற்றியுள்ள பகுதி, கல்லீரல், தசை. கல்லீரலில் கொழுப்பு படிந்தால் அது இன்சுலினின் பேச்சைக் கேட்காது. தேவையில்லாத நேரத்திலும் சீனியை இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். கணையம் இன்னும் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகொடுக்கும். சில ஆண்டுகளில் அதுவும் களைத்துவிடும். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் முன்னே தள்ளியிருக்கும் நம் ஆண்களின் உருவத்துக்குப் பின்னால் நடப்பது இதுதான்.

இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்பதைக் காட்டியதும் யாஜ்னிக் குழுவினரே. புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் உறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தாய்மார் அரைவயிற்றோடு இருந்ததும் இதற்குக் காரணமாகப் பேசப்படுகிறது, மரபணுவும் பேசப்படுகிறது. அதே 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 25 என்ற உலகக் கோட்டை வைத்துக்கொண்டே ஆசியர்களுக்கு 23ஐயும் ஓர் எச்சரிக்கைக் கோடாகச் சேர்க்கச் சொன்னது இத்தகைய சான்றுகளை வைத்துத்தான். மலேசியாவிலும் 23ஐத் தாண்டினால் அதிக எடை, 27.5ஐத் தொட்டால் பருமன் என்று கணக்கிடுகிறார்கள்.

அப்படியானால் நம் தாத்தா பாட்டிகள் மங்கு நிறையச் சோறு சாப்பிட்டும் எப்படித் தாங்கினார்கள்? விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நானூறு, ஐந்நூறு கித்தா மரங்களைச் சீவி, திரும்பவும் மரம் மரமாகப் போய்ப் பாலைச் சேகரித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். அந்தச் சோறு வேலைக்காட்டிலேயே எரிந்துபோனது. பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயத்துக் குடும்பங்கள் பாடாங் செராய், கூலிம், சுங்கை பட்டாணித் தாமான்களுக்கு வந்தன. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளில் இன்று வேலை பார்க்கும் பேரப்பிள்ளை நின்ற இடத்தில் நிற்கிறார், அல்லது திரைக்கு முன் உட்கார்ந்திருக்கிறார். மங்கின் அளவு மட்டும் மாறவில்லை.

சோறும் மாறியது. இதில் நம்மவர்களுக்கு மறந்துபோன ஒரு பெருமை உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு செத்துப்போகும், கடைசியில் இதயம் நிற்கும். ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளர்களிடம் அது பரவலாக இருந்தது; தமிழர்களிடம் அரிது. 1905இன் இறுதியில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறுபாதிக்குத் தமிழர்கள் சாப்பிடும் புழுங்கல் அரிசியும் போட்டார். ஓராண்டு முடிவில் வெள்ளை அரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். மறுபாதியில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுவதும் போகாது. வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

புழுங்கல் அரிசி இனிப்புநீருக்கு மருந்து என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். அளவு மீறினால் அதுவும் மாவுச்சத்துதான். இன்று கெடாவில் நம் வீடுகள் பலவற்றில் கொதிப்பது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான 'பியூர்' ஆய்வில், ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்ட தெற்காசியர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட இனிப்புநீர் வரும் வாய்ப்பு 61 விழுக்காடு கூடுதல். 450 கிராம் என்பது ஏறக்குறைய மூன்று கிண்ணம். பகலில் ஒன்றரை, இரவில் ஒன்றரை. நம்மில் பலருக்கு இது அடக்கமான சாப்பாடு!

இதைப் படித்ததும் பட்டினி கிடக்கத் தோன்றலாம். அதற்குமுன் சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். இனிப்புநீரின் வாசற்படியில் நின்ற 531 பேரை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு குழுவுக்கு, தினமும் அரை மணி நேரமாவது நடக்கவும், சீனியையும் தீட்டிய தானியத்தையும் குறைக்கவும் தொடர்ந்து வழிகாட்டினார்கள். முடிவு 2006இல் வந்தது. முதல் குழுவில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது, நடந்தவர்களின் குழுவில் 39.3 விழுக்காட்டினருக்கு. இதில் கவனிக்க வேண்டியது, நடந்தவர்களின் எடை குறையவில்லை என்பது. தராசில் ஏறி நின்று "ஒன்றும் பிரயோசனமில்லை" என்று அவர்கள் விட்டிருந்தால் அந்தப் பலனை இழந்திருப்பார்கள். நடக்கும்போது சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்கிறது. உண்ட சீனியின் பெரும்பகுதி போய்ச் சேருமிடம் தசைதான். தொப்பை உள்ளவர்கள் எடையும் குறைத்தால் பலன் இன்னும் கூடும். அமெரிக்க ஆய்வொன்று அதை 2002இலேயே காட்டிவிட்டது.

பட்டினியில் முதலில் அடி வாங்குவது அந்தத் தசையும்தான். அவசரமாக எடை குறைப்பவர்கள் கொழுப்போடு சேர்த்துத் தசையையும் இழக்கிறார்கள். பிறகு பழையபடி சாப்பிடும்போது திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பு. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சோற்றையும் முட்டையையும் சேர்த்து நிறுத்தும் பெண்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். 15 முதல் 49 வயது வரையுள்ள மலேசியப் பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு ஏற்கெனவே இரத்தச் சோகை. இன்னொன்று: இணையத்தில் விற்கும் 'ஸ்லிம்மிங்' காப்பிப் பொட்டலங்கள். சிபுட்ராமின் என்ற மருந்து ரகசியமாகக் கலக்கப்பட்ட பல பொருள்களைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துத் தடுத்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இல் பல நாடுகள் கைவிட்ட மருந்து அது.

ரசித்துச் சாப்பிடுவதை விடவேண்டியதில்லை. வரிசையை மாற்றிப் பாருங்கள். காய்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டவர்களுக்கு உணவுக்குப் பிந்திய சீனி ஏற்றம் குறைந்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன. அதே உணவு, அதே அளவு. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம் வாழை இலையில் காய்கறி ஓரத்தில் ஒரு கரண்டியாக ஒதுங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். முருங்கைக்கீரைப் பொரியலும் கங்கோங்கும் இரண்டு கரண்டி கூடினால் சோறு தானாக இடம் கொடுக்கும். சாப்பிட்டதும் கால் மணி நேரம் தாமானைச் சுற்றி நடந்தால் அதற்கும் பலன் உண்டு. ஒட்டுக்கடைத் தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். நாளுக்கு மூன்று குடிப்பவர் இரண்டைத் 'தே ஓ கோசோங்' ஆக்கிவிட்டு, மூன்றாவதை நிதானமாக, ஆற்றி ஆற்றி ரசிக்கலாம்.

சித்தப்பாவுக்கு வேண்டியது ஒரு தையல் அளவு நாடா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்கவேண்டும். வேட்டி கட்டும் இடத்தில் அல்ல. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் தராசு என்ன சொன்னாலும் இரத்தப் பரிசோதனை அவசியம். தாண்டாவிட்டாலும் 30 வயதுக்கு மேல் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அரசு கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. வெறும் வயிற்றில் 7.0க்கு மேல் போனால் மருத்துவர் மறுபடி சோதித்து உறுதிசெய்வார். முதல் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறொன்றும் வேண்டாம். காலையில் இரத்தம் கொடுத்து முடித்ததும் பசியாறிக்கொள்ளலாம்.